பின்கதவைப் பற்றிய ஒரு வாக்கியம்

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையோரம், உரக்கடை ஒன்றின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரை நாள்தோறும் காலையில் திறப்பவர் சுதாராணி. வாடிக்கையாளர் வருமுன் ஒரு கணினியை மட்டும் முடுக்கிவிட்டு, அது விழித்துக்கொள்வதற்குள் செண்பகவல்லி அம்மன் படத்தின் முன் ஊதுபத்தி ஏற்றுவார். பிறகு, புகை அறையில் பரவத் தொடங்கும்போது, தாம் காவல் பார்க்கும் இணையதளத்தின் ‘அண்மைய மாற்றங்கள்’ என்ற பக்கத்தைப் படிப்பார். 2007ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை, கணினி வழக்கத்தைவிட விரைந்து விழித்துவிட்டது. கையில் எரியும் தீக்குச்சியோடு திரையை நோக்கிய சுதாராணி, விரல் சுட்ட பிறகே குச்சியை உதறினார்.

அங்கே ஒரு வாக்கியம் காணாமற்போயிருந்தது.

‘தீப்பற்றிய வேளையில் கொட்டகையின் பின்கதவு வெளிப்புறம் பூட்டப்பட்டிருந்தது.’

இவ்வளவுதான் அந்த வாக்கியம். அதன் இடத்தில் வேறொன்று குடியேறியிருந்தது: ‘தொழிலாளரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று கூறப்படுகிறது.’ கூறியவர் யார், எவரிடம் கூறினார் என்ற செய்தி ஏதும் அதில் இல்லை. ‘கூறப்படுகிறது’ என்ற ஒரு சொல் போதும். பொய்க்கு வேட்டி கட்டிச் சபையில் உட்கார வைத்துவிடலாம்.

சுதாராணி பழைய வாக்கியத்தை மீட்டு வைத்தார். மறுநாள் காலை அது மீண்டும் மறைந்திருந்தது.

அந்த இணையதளத்தின் பெயர் ‘கரிசல் ஏடு’. நாகலாபுரத்தில் பிறந்து, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்த்த நந்தகோபால் என்னும் இளைஞர் அதைத் தொடங்கினார். புதூர், விளாத்திகுளம், பசுவந்தனைப் பக்கத்து ஊர்களைப் பற்றி எந்த நூலும் சொல்லாதவற்றை அந்தந்த ஊரார் எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். எவரும் எழுதலாம், எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம், பெயரைப் பதிய வேண்டிய கட்டாயமும் இல்லை. எந்த ஓடை வந்தால் எந்தக் கண்மாய் நிறையும், எந்த ஊர்க் கோயில் கொடை எந்தச் செவ்வாயில் வரும், மானாவாரிக் காட்டில் கம்பும் கொத்தமல்லியும் எப்போது விதைப்பார்கள் என்று பக்கங்கள் மெல்லப் பெருகின. படிப்போர் சில நூறு பேர். அதைக் காக்கும் வேலை சுதாராணியுடையது. அதற்குச் சம்பளம் கிடையாது.

காவல் என்றால் பெரும்பாலும் பெருக்கித் தள்ளுவதுதான். ஐயனார் கோயிலைப் பற்றிய பக்கத்தில் வெளிநாட்டு மாத்திரை விளம்பரம் முளைத்திருக்கும். நடிகர்களின் ரசிகர்கள் கண்மாய்ப் பக்கத்தில் வந்து ஒருவரையொருவர் ஏசியிருப்பார்கள். சாதிப் பெயரை முன்வைத்து வசை எழுதியிருப்பார்கள். ஒரு முழுப் பக்கத்தையும் வழித்தெடுத்துவிட்டு ‘ஹாய்’ என்று ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துவிட்டு ஒருவன் போயிருப்பான். சுதாராணிக்கு இதிலெல்லாம் சினம் வந்ததில்லை. பழைய வடிவங்கள் யாவும் பக்கத்தின் அடியில் அழியாமல் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பக்கம் குளித்துத் தலை முழுகி எழுந்து வந்துவிடும்.

ஆனால் பின்கதவில் கை வைத்தவர் அந்த இனத்தவர் அல்லர். ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதி வந்த நாளிலும் இரண்டு வகைக் கேடுகள் இருந்தன. ஒன்று, செல் என்னும் கரையான். அது பசிக்குத் தின்றது. அதன்மேல் வழக்காட முடியாது. மற்றொன்று, இடைச்செருகல். அதைச் செய்தவன் நன்றாகக் கற்றவன், யாப்பு அறிந்தவன், தளை தட்டாமல் தன் பொய்யை மெய்யனின் வாயில் திணிக்கத் தெரிந்தவன். செல் அரித்த ஓலையில் ஓட்டை தெரியும். இடைச்செருகலில் ஓட்டையே தெரியாது. அதுதான் அதன் கொடுமை. மாத்திரை விளம்பரம் செல். ‘கூறப்படுகிறது’ என்று எழுதிய கை, இடைச்செருகல் செய்யும் கை.

அந்தக் கதவைச் சுதாராணி கண்ணால் கண்டவர்.

பசுவந்தனைக்குக் கிழக்கே ஆண்டிக்கரிசல் என்னும் ஊர் அவருடையது. மழை பொய்த்த ஆண்டுகளில் அவ்வூரில் விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரார் சொல்லும் தொழிற்சாலையின் பேருந்து வந்து ஒலி எழுப்பும். பெண்பிள்ளைகள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். 1994ஆம் ஆண்டில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சுதாராணியும் அவருடைய தோழி பொன்மணியும் அப்படித்தான் ஏறினார்கள். போகும் வழியெல்லாம் பொன்மணி சுதாராணியின் தோளில் தலை சாய்த்து உறங்குவாள். ஆபீஸில் சுதாராணி லேபிள் ஒட்டுவார். பொன்மணி பெரிய கொட்டகையில் குச்சிகளைக் கட்டையில் அடுக்குவாள். மருந்தில் முக்கியெடுத்த குச்சிக் கட்டைகளை வேறு கொட்டகையில் உலர்த்த வேண்டும் என்பது சட்டம். அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது, இடம் போதவில்லை, ஈரம் காயாத கட்டைகளையும் பெண்கள் இருந்த கொட்டகையிலேயே அடுக்கி வைத்தார்கள்.

தீ முன்வாசல் பக்கம் பிடித்தது. ஒன்பது பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். லேபிள் கொட்டகையிலிருந்து வெளியே பாய்ந்த சுதாராணி, அந்தக் கதவின் வெளிப்புறத்தில் சங்கிலியும் பூட்டும் தொங்கியதைக் கண்டார். கதவு அதிர்ந்ததைக் கண்டார். பிறகு அதிர்வு நின்றதையும் கண்டார்.

விசாரணை நடந்தது. கவனக்குறைவு என்று முடிந்தது. அதே முதலாளி, அதே வளாகத்தில், வேறு பெயர்ப்பலகையின் கீழ்ப் பிறகும் தீப்பெட்டி செய்தார். சுதாராணி மறுபடி அந்தப் பேருந்தில் ஏறவில்லை. தட்டச்சு பயின்றார், தபால் வழியில் பட்டம் பெற்றார், கணினியில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலத்தில் சென்டரின் ஒவ்வொரு கணினிக்கும் எழுத்துரு ஏற்றி, அவற்றைத் தமிழ் பேச வைத்தார். கரிசல் ஏட்டில் தீவிபத்துப் பக்கத்தை அவர் எழுதியபோது, ஆபீஸின் பெயரையும் முதலாளியின் பெயரையும் எழுதவில்லை. இறந்தோரின் பெயர்களையும் அந்தக் கதவையும் மட்டும் எழுதினார். எவரையும் தூற்ற அவர் விரும்பவில்லை. ஒன்பது பெண்கள் தங்கள் கவனக்குறைவால் செத்தார்கள் என்பது மட்டும் உலகத்தில் கடைசியாக எஞ்சும் சொல்லாக இருக்கக் கூடாது என்று விரும்பினார்.

வாக்கியம் மறைவதும் மீள்வதும் தொடர்ந்தன. மறைக்கும் கை ஒவ்வொரு முறையும் ஒரு புதிய நாகரிகம் கற்று வந்தது. ‘பூட்டப்பட்டிருந்தது’ என்பது ஒரு நாள் ‘சாத்தப்பட்டிருந்தது’ ஆகியது. இன்னொரு நாள் வாக்கியம் அப்படியே இருக்க, அதன் வாலில் ‘என்பது சிலரின் ஐயம்’ என்று தொங்கவிடப்பட்டிருந்தது.

அந்த வாரமே வன்னியபெருமாள் மாடிப்படி ஏறி வந்தார். தீப்பிடித்த நாளில் அந்த ஆபீஸின் கணக்கப்பிள்ளை அவர். சாவிக்கொத்து அவருடைய இடுப்பில்தான் கிடக்கும். இப்போது அதே முதலாளிக்கு மேலாளர். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“ஏட்டி சுதா, லேபிள் ஒட்டுன கை இப்ப கம்ப்யூட்டர் தட்டுது. நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“வாங்க அண்ணாச்சி. எந்தக் கேபின் வேணும்?”

“எனக்கு எதுக்கு இங்கன கேபின்? எங்க ஆபீஸ்லயே கம்ப்யூட்டர் இருக்கு.”

மாற்றி எழுதும் கை எங்கே அமர்ந்திருக்கிறது என்பது அதிலேயே விளங்கிவிட்டது. முதலாளி வீட்டில் கல்யாணப் பேச்சு நடப்பதாகவும், பெண் வீட்டார் இணையத்தில் ஊர்ப்பெயரைத் தேடி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, அது இவர்கள் ஆபீஸ்தானா என்று தொலைபேசியில் கேட்டதாகவும் அவர் சொன்னார். செத்தவர்கள் செத்துவிட்டார்கள், இருப்பவர்கள் பிழைக்க வேண்டாமா என்றார். சுதாராணி கதவைப் பற்றி மட்டும் கேட்டார். பூட்டியிருந்தது பொய்யா?

வன்னியபெருமாள் சிரித்தார்.

“பூட்டியிருந்துச்சு, பூட்டியிருந்துச்சுன்னு எழுதுத. எந்த ஆபீஸ்லட்டி பூட்டல? தொறந்து போட்டா பாதிப் பிள்ளைய மத்தியானமே வீட்டுக்குப் போயிரும். சரக்கு எப்ப லாரி ஏறும்?”

அவர் மறுப்பார் என்று சுதாராணி எண்ணியிருந்தார். மறுத்திருந்தால் அதில் சிறிது வெட்கமாவது எஞ்சியிருக்கும். அந்த மனிதருக்கு அது குற்றமாகவே படவில்லை. கதவைப் பூட்டுவது தொழிலின் ஒரு பகுதி, குச்சிக்கு மெழுகு தோய்ப்பது போல. குற்றம் என்று தோன்றாத ஒன்றை மறைக்க மட்டும் நாள்தோறும் ஒரு கணினியின் முன் அமர்கிறார். அந்த நெஞ்சின் அமைப்பைப் படைத்தவன்தான் அறிவான்.

எழுந்து போகும்போது வன்னியபெருமாள் படியில் நின்று திரும்பினார். “இந்த மாடி யாருதுன்னு தெரியும்லா? முதலாளிக்கு மச்சினருது.”

அன்று மாலை பெங்களூரிலிருந்து நந்தகோபால் அழைத்தார். அவருக்கும் ஒரு மின்னஞ்சல் போயிருந்தது: ஆதாரம் இல்லாத வாக்கியத்தை ஒரு தளம் எப்படி வைத்துக்கொள்ளலாம்? கேள்வி ஒழுங்கான கேள்வி. ஒழுங்கான கேள்வியையும் கடப்பாரையாகப் பயன்படுத்தலாம் என்பதைக் கேட்டவர் அறிந்திருந்தார்.

கரிசல் ஏட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. அவ்வூர்களைப் பற்றி அச்சில் ஒன்றும் இல்லாமையால், கண்ணால் கண்ட ஒருவர் தம் பெயரும் ஊரும் சொல்லிப் பேசியதை ஒலிப்பதிவு செய்து இணைத்தால் அது ஆதாரம் ஆகும். அதற்கு ‘ஊர்ச்சொல்’ என்று பெயர். கண்மாய் வரத்துக்கால் ஒன்றைக் குறித்து இரண்டு ஊர்கள் அந்தத் தளத்தில் மோதிக்கொண்டபோது சுதாராணிதான் இந்த முறையை வகுத்தார். காவல் பார்ப்பவர் தாமே சாட்சி ஆகலாகாது என்ற தடையையும் அவரே சேர்த்தார்.

“யக்கா, நீங்க சொன்னா நான் நம்புதேன். ஆனா ஏடு நம்பக் கூடாதுல்லா? இந்த விதியை எழுதுனதே நீங்கதான்” என்றார் நந்தகோபால். தீபாவளிக்குள் ஓர் ஊர்ச்சொல் வராவிட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

சுதாராணி சாட்சி தேடி அலைந்தார். அன்று லேபிள் கொட்டகையில் உடனிருந்தவர்களைத் தேடிப் போனார். அவர்கள் எல்லாருக்கும் கதவு நினைவிருந்தது. ஒருத்தியின் மகள் இன்னும் அதே ஆபீஸுக்குப் பெட்டி அடைக்கிறாள். இன்னொருத்தியின் கணவர் அங்கே வாட்ச்மேன். மூன்றாமவர் மோர் கொடுத்து உபசரித்தார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டு அழுதார். பேச மாட்டேன் என்றார். திரும்பி வரும் பேருந்தில் சுதாராணிக்கு அவர்கள்மேலும் சினம் மூண்டது. அது முறையற்ற சினம் என்று தெரிந்தும் மூண்டது.

இதற்கிடையே மற்றொன்று நேர்ந்தது. இறந்தோர் பெயர்களில் ஒன்று மட்டும் மறைந்தது. பொன்மணியின் பெயர். ஏனைய எட்டுப் பெயர்களும் அசையாமல் இருக்க, அந்த ஓரிடம் பல் விழுந்த வாய் போலக் கிடந்தது. சுதாராணி அதை மீட்டார். இரண்டு நாளில் மீண்டும் போயிற்று. கதவைக் களவாடியவன் இப்போது பிணத்தையும் களவாடுகிறான் என்று அவர் எண்ணினார். கண் இருண்டுவர, மாற்றம் எந்த இணைய இணைப்பின் எண்ணிலிருந்து வந்தது என்று கூர்ந்து பாராமலே, அந்த எண்ணிலிருந்து எவரும் எழுத இயலாதபடி தடை போட்டார்.

போட்ட மறுகணம் அவராலேயே எழுத முடியவில்லை. சென்டரில் எவராலும் முடியவில்லை. அக்காலத்தில் அந்த மாடியில் இருந்த கணினிகள் யாவும் வெளியுலகத்துக்கு ஒரே எண்ணாகத்தான் தெரியும். புதூரிலிருந்து பேருந்தில் வந்து ஆட்டு நோய்களைப் பற்றி எழுதும் கால்நடை உதவியாளர், அன்று திரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார். திருடனை வெளியேற்றுவதாக நினைத்து வீட்டுக்காரியே தன்னையும் விருந்தினரையும் தெருவில் நிறுத்திக் கதவை அடைத்துக்கொண்டாள். நந்தகோபால்தான் தடையை நீக்கினார். நீக்கியதோடு, பதிவுகளைப் பார்த்து ஒன்று சொன்னார்: கதவு வாக்கியத்தை மாற்றும் எண் வேறு, பொன்மணியின் பெயரை அழிக்கும் எண் சுதாராணியின் சென்டருடையது.

அழிக்கும் கை அந்த மாடியிலேயே, அவர் முதுகுக்குப் பின்னால் அமர்ந்திருந்தது.

அதன்பின் அவர் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தை மூடவே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் பெயர் மறைந்தது. எழுந்தார். இரண்டு கேபின்களில் கல்லூரிப் பையன்கள் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். மூலைக் கேபினின் திரையை விலக்கினார். அங்கே ஆண்டிக்கரிசல் சாமித்துரை அமர்ந்திருந்தார். பொன்மணியைப் பெற்றவர். பக்கத்தில் அவருடைய இளைய மகள் ராதாமணி; ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ராதாமணி மெயில் பார்க்க அடிக்கடி வருபவர் என்பதால் சுதாராணிக்கு ஐயம் எழுந்ததில்லை; திரையிலேயே கண் வைத்திருந்ததால் பெரியவர் உடன் வந்ததை அன்று கவனிக்கவுமில்லை.

“நீங்களா மாமா?” என்றார் சுதாராணி. பிறகு தம் நாவை அவரால் கட்ட முடியவில்லை. “வன்னியபெருமாள் வந்து உங்களையும் பார்த்துட்டாரா? பெத்த பிள்ளை பேரை அழிக்கதுக்கு எப்படிக் கை வந்துச்சு உங்களுக்கு?”

பையன்கள் ஹெட்போன்களைக் கழற்றினார்கள். ராதாமணி எழுந்து தந்தையை மறைத்தாற்போல் நின்றார்.

“சத்தம் போடாதீங்க யக்கா. அழிச்சது நான். அப்பாவுக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாது.”

சாமித்துரை மகளை விலக்கினார். சினமோ அச்சமோ அவர் முகத்தில் இல்லை.

“அவ இப்ப பேரு சொல்லிக் கூப்பிடுத பிள்ளை இல்ல தாயி. எங்க வீட்டுக் கன்னில்லா.”

மணமாகாமல் இறந்த பெண்பிள்ளை அந்தச் சீமையில் வீட்டுத் தெய்வம் ஆவாள். சாமித்துரை வீட்டின் உள்ளறையில் ஒரு சிறு மரப்பெட்டி உண்டு. ஆண்டுதோறும் தை மாதத்தில் அதில் புதுப் பாவாடையும் தாவணியும் கண்ணாடி வளையலும் சாந்தும் வைத்துப் படைப்பார்கள். முதல் படையல் இட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுடைய பெயரை எவரும் சொல்லுவதில்லை. பெற்றவளே ‘ஆத்தா’ என்றுதான் அழைப்பாள். பாடல் பெற்ற தலங்களில் வீற்றிருப்போரை ஆயிரம் நாமம் சொல்லிப் போற்றலாம். அவர்களுக்கு ஆயிரம் உண்டு. இவளுக்கு இருந்தது ஒன்று. அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்கள்.

இதைச் சுதாராணி அறியாதவர் அல்லர். அந்தப் படையலில் ஆண்டுதோறும் கைகூப்பி நின்றவர். பக்கத்தை எழுதும்போது மட்டும் மறந்துபோனார். அவருக்கு அவள் தெய்வமாகவில்லை. தோளில் உறங்கிய பிள்ளையாகவே இருந்தாள்.

“அப்படின்னா மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா மாமா?”

ராதாமணி சொன்னார். ஆடி மாதத்தில் எவனோ அந்தப் பெயர்களுக்கு நடுவே பெண்களை இழிக்கும் கெட்ட வார்த்தை ஒன்றை எழுதிவைத்தான். சுதாராணி அதை மறுநாள் காலையிலேயே துடைத்துவிட்டார். வழக்கமான குப்பையில் ஒன்றாக எண்ணி மறந்தும்விட்டார். ஆனால் முந்தின மாலையே மருத்துவமனைக் கணினியில் ராதாமணி அதைப் பார்த்திருந்தார். பார்த்ததை வீட்டில் சொல்லிவிட்டார்.

“சாமி பேருக்குப் பக்கத்துல அந்த வார்த்தை விடிய விடியக் கெடந்திருக்கு” என்றார் சாமித்துரை. “கோயில் செவுத்துல எவனாவது எழுதுனா சுண்ணாம்பு அடிச்சுருவேன். இது எங்கன இருக்குன்னே எனக்குத் தெரியல. எவன் எப்ப வந்து எழுதுவாம்னும் தெரியல. அதான், பேரையே எடுத்துருட்டின்னேன். கேக்க மனசு வரல தாயி. நீ ஆசையா எழுதுனது.”

சுதாராணி அங்கிருந்த பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்தார். இத்தனை நாளும் அந்தப் பெயரை அவர் மீட்டு மீட்டு வைத்தது காவல் என்று எண்ணியிருந்தார். அதை எடுத்து எடுத்து மறைத்தவர்களும் அதே காவலைத்தான் செய்திருக்கிறார்கள். தீபாவளிக்குள் கதவு வாக்கியமும் போய்விடும், தன்னால் காக்க முடியவில்லை என்றார் சுதாராணி.

“எந்தக் கதவு?” என்றார் சாமித்துரை.

அவருக்குப் படிக்கத் தெரியாது. ராதாமணி பெயரை மட்டும் காட்டியிருந்தார். மற்றதை வாசித்துக் காட்ட மகளுக்குத் துணிவில்லை. சுதாராணி அந்த வாக்கியத்தை மெல்ல வாசித்தார். கேட்டு முடித்த பெரியவர் தம் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“அந்தப் பூட்டை ஒடைச்சதே நான்தான” என்றார்.

அன்று மல்லி மூட்டை ஏற்றிச் சந்தைக்கு வந்திருந்தவர் புகையைக் கண்டு ஓடியிருக்கிறார். யாரோ கொடுத்த கடப்பாரையால் பூட்டை உடைத்திருக்கிறார். அதற்குள் சுதாராணியை வேறு யாரோ சாலைக்கு இழுத்துப் போயிருந்தார்கள். இதை ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்று சுதாராணி கேட்டார்.

“சொன்னேனே. காக்கிச் சட்டைக்காரவுக எழுதுனாவ. என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கல, நானும் கேக்கல. இந்த விரலைப் பிடிச்சு அழுத்திக்கிட்டாவ.”

அவர் சொன்னது ஒன்று. அவருடைய கைரேகையின் மேல் எழுதப்பட்டது மற்றொன்று. கவனக்குறைவு என்ற தீர்ப்புக்கு, பிள்ளையைப் பறிகொடுத்தவனின் பெருவிரலே சான்றாகப் போயிருக்கிறது. இடைச்செருகல் கணினி வந்த பிறகு பிறந்த கலை அன்று. இதைச் செய்தவரை எந்த நரகத்தில் இடுவது என்று வகுத்துச் சொல்லும் நூல் இருந்தால், அதிலும் எவரேனும் கை வைத்திருப்பார்கள்.

ஊர்ச்சொல் சொல்ல அவர் உடன்பட்டார். வீட்டுக் கன்னியின் பெயரைத் தாம் சொல்ல மாட்டார். பக்கத்திலும் அது இருக்கக் கூடாது. இது ஒன்றே அவர் கேட்டது. காவல் பார்ப்பவர் விலகி நிற்க வேண்டும் என்பதால் சுதாராணி கேபினுக்கு வெளியே நின்றார். ராதாமணி பதிவு செய்தார். பையன்கள் எவரும் சொல்லாமலே மின்விசிறியை நிறுத்தினார்கள். பெரியவர் தம் பெயரையும் ஊரையும் சொன்னார். சங்கிலி எத்தனை சுற்றுச் சுற்றியிருந்தது என்பதைச் சொன்னார். பூட்டு சூடேறிச் சிவந்திருந்ததைச் சொன்னார். பிறகு இதைச் சொன்னார்:

“தொறந்தா எல்லாரும் கதவை ஒட்டியே கெடந்தாவ. எங்க வீட்டுக் கன்னி மேலாப்புல கெடந்தா. கை மட்டும் கதவுப் பக்கம் நீட்டுனாப்புல இருந்துச்சு.”

அந்த ஒலியைச் சுதாராணி பக்கத்தில் இணைத்தார். கதவு வாக்கியத்தின் கீழே, ‘ஊர்ச்சொல்: சாமித்துரை, ஆண்டிக்கரிசல்’ என்று எழுதினார். பின்னர், பிறர் அழித்தவற்றை மீட்பதையே தொழிலாகக் கொண்ட அந்தக் கை, பொன்மணி என்ற பெயரைத் தானே அழித்தது. அவ்விடத்தில் ‘ஆண்டிக்கரிசல் சாமித்துரை வீட்டுக் கன்னி’ என்று எழுதியது. தாம் எழுதிய ஒன்றைத் தாமே அழித்தது அந்தத் தளத்தில் அவருக்கு அதுவே முதல் முறை.

சாமித்துரை திரையை உற்றுப் பார்த்து, “முழுக்கப் போயிருச்சா?” என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சுதாராணி சொல்லவில்லை. மேலே இல்லை, ஆனால் பழைய வடிவங்களில் அடியில் இருக்கும், தேடித் தோண்டுபவர்களுக்குக் கிடைக்கும் என்றார்.

பெரியவர் தலையசைத்தார். “அடியில இருக்கட்டும். மேல கெடந்தாத்தான மிதிப்பாவ.”

மறுநாள் ‘பூட்டப்பட்டிருந்தது’ மீண்டும் ‘சாத்தப்பட்டிருந்தது’ ஆயிற்று. இம்முறை நந்தகோபாலே அதை மீட்டார். அந்த ஆபீஸின் எண்ணுக்குத் தடையும் போட்டார். வன்னியபெருமாள் மறுபடி மாடி ஏறி வரவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஐப்பசி முடிவதற்குள் மாடியைக் காலி செய்யும்படி, அதை வாடகைக்கு எடுத்துச் சுதாராணியை வேலைக்கு வைத்திருந்த சென்டர்காரருக்குச் சொல்லியனுப்பினார்கள். சுதாராணியை நிறுத்திவிட்டால் இருந்துகொள்ளலாம் என்றும் சொல்லியனுப்பினார்கள். சென்டர்காரர் கெட்டவர் அல்லர். கண்ணை உயர்த்தாமல், நாளை முதல் வரவேண்டாம் என்றார். தான் நிறுவிய எழுத்துருக்களையும் தான் துடைத்த திரைகளையும் அங்கேயே விட்டுவிட்டு, அம்மன் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுதாராணி படியிறங்கினார். பூட்டியவனுக்கு ஒன்றும் நேரவில்லை. பூட்டு இருந்தது என்று எழுதியவளுக்கு வேலை போயிற்று. அறம் இந்தச் சீமையில் மெதுவாக நடக்கிறது என்று சொல்வார் உண்டு; அது எங்கே நடக்கிறது என்று காட்டினால் நாமும் உடன் நடக்கலாம்.

இப்போது அவர் பேருந்து நிலையத்தருகே வேறொரு சென்டருக்கு வாடிக்கையாளராகப் போகிறார். காலையில் சென்டர் திறந்ததும் முதல் ஆளாக ஒரு கேபினில் அமர்கிறார். ஊதுபத்தி ஏற்ற அங்கே இடமில்லை. மாத்திரை விளம்பரங்களைத் துடைக்கிறார், வசைகளைத் துடைக்கிறார், பிறகு அந்த ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு எழுகிறார். பகலெல்லாம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறார்.

தை மாதத்தில் சாமித்துரை வீட்டுப் படையலுக்குப் போனார். பெட்டியைத் திறந்திருந்தார்கள். பச்சைத் தாவணி, சிவப்புக் கண்ணாடி வளையல். கும்பிடும்போது அவர் உதடுகள் பழைய பழக்கத்தில் ஒரு பெயரை நோக்கிக் குவிந்தன. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டார். விபூதி கொடுக்க வந்த சாமித்துரை அவர் காதருகே குனிந்தார்.

“கதவு இருக்கா தாயி?”

“இருக்கு மாமா” என்றார் சுதாராணி. “பூட்டித்தான் இருக்கு.”